பத்து ஆப் வேண்டாம், ஒரு பெட்டி போதும்: ஹோம் அசிஸ்டன்ட் தொடங்குவது எப்படி

பல்புக்கு ஒரு ஆப், பிளக்குக்கு ஒரு ஆப், கேமராவுக்கு வேறொன்று, ஏசிக்கு இன்னொன்று. ஸ்மார்ட் கருவிகளை அவ்வப்போது தள்ளுபடியில் வாங்கிச் சேர்த்த வீடுகளில் இதுதான் நிலைமை. வாசல் கேமரா ஆள் வருவதைப் பார்த்துவிடும். அதன் தலைக்கு மேலேயே இருக்கும் பல்புக்கு அந்தச் சேதி போகாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கம்பெனி. இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்று சொல்வதை இன்னொன்று கேட்கும்படி செய்ய நடுவில் ஒரு ஹப் வேண்டும்.

கூகுள் ஹோம், அலெக்ஸா, ஆப்பிள் ஹோம் என்று தயாராகவே சில இருக்கின்றன. நாலு பல்பும் ஒரு டிவியும்தான் உங்களிடம் உள்ளவை என்றால் அவை போதும், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஹோம் அசிஸ்டன்ட். 2013ல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. 2024லிருந்து ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு கிடையாது. அதைவிட முக்கியம், இதன் மூளை உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்கள் அலமாரியில் இருக்கும் பெட்டிக்குள் ஓடுகிறது.

வீட்டுக்குள் இருப்பதில் என்ன பெரிய விஷயம்? ரிவால்வ் என்றொரு ஹப் இருந்தது. 2014ல் கூகுளின் நெஸ்ட் கம்பெனி அதை வாங்கியது, 2016 மே மாதம் அதன் சர்வரை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அந்தப் பெட்டி அன்றோடு செத்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. அப்போது அதன் ஹப்பை ஹோம் அசிஸ்டன்ட் போல வீட்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளோடு நேரடியாக இணைத்துக்கொண்டவர்களுக்கு விளக்குகள் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்டன. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அளவுகோல்தான்: நெட்டைப் பிடுங்கினாலும் வீடு இயங்க வேண்டும். ஒவ்வொரு கருவியை வாங்கும்போதும், ஒவ்வொரு படியிலும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பட்டியலும் சுவிட்ச் போர்டும்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அறை அறையாக என்னென்ன இருக்கிறது, அதில் எதை எதற்காகத் தானாக இயக்க வேண்டும் என்று எழுதுங்கள். 'எல்லாமே' என்று எழுதாதீர்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிவது, கீசரை அணைக்க மறப்பது, இரவில் கழிவறைக்குப் போகிற பெரியவர் இருட்டில் தடவுவது: உண்மையான தொல்லைகள் இப்படி மூன்று நான்குதான் தேறும். அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்துவிட்டு ஒரு சுவிட்ச் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், வருகிறதா? பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருந்தே ஆக வேண்டும். சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பல நேரம் இருக்காது. சுவிட்ச்சுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஹப் சொன்னபடி கரண்டை விடவும் நிறுத்தவும் செய்யும் சின்ன ரிலே மாட்யூல்கள் பெரும்பாலும் நியூட்ரல் கேட்கும். நியூட்ரல் இல்லாமல் ஓடுபவையும் உண்டு. ஆனால் அவை தாங்கள் உயிரோடு இருக்க பல்பு வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடுகின்றன. அதனால் குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மினுக்கும். அந்தக் கசிவு பல்பு வழியாகப் போகாதபடி பல்புக்கு இணையாக ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் போட வேண்டி வரும். போர்டுக்குள் இடம் எவ்வளவு ஆழம் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் வயர்களை மடக்கி வைப்பதே பெரும்பாடு.

ஸ்மார்ட் பல்பா, சுவிட்ச்சுக்குப் பின்னால் ரிலேவா? கூடுமானவரை ரிலே என்பேன். ஸ்மார்ட் பல்பு போட்ட அறையில் யாராவது வழக்கம்போல சுவிட்ச்சைத் தட்டி அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்டே போகாது. ஹப் எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் வராது. ரிலே வைத்தால் சுவரில் உள்ள சுவிட்ச்சும் வேலை செய்யும், ஹப்பும் வேலை செய்யும். நிறம் மாற வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் ஸ்மார்ட் பல்பு போடுங்கள்.

படி 2: பெட்டி

ஹோம் அசிஸ்டன்ட் ஓட ஒரு சின்னக் கணினி வேண்டும். 2023ல் வந்த ஹோம் அசிஸ்டன்ட் க்ரீன் என்ற பெட்டியில் எல்லாம் ஏற்றியே தருகிறார்கள். கேபிளைச் செருகினால் போதும். அது கிடைக்காவிட்டாலோ விலை கட்டுப்படியாகாவிட்டாலோ ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியின் 4 அல்லது 5, இல்லையென்றால் பழைய மினி பி.சி. ஒன்று. பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஆனால் நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஓடப்போகிற சாமான் இது என்பதால் சில வாட்டில் முடிகிற பெட்டியே நல்லது.

ராஸ்பெர்ரி பை என்றால் மெமரி கார்டை நம்பாதீர்கள். இந்த மென்பொருள் ஒவ்வொரு சென்சாரின் அளவையும் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். வழக்கமாகப் பத்து நாள் விவரத்தைச் சேமித்து வைக்கும். இத்தனை எழுத்தும் நடுநடுவே கரண்ட் போவதும் சேர்ந்தால் கார்டு சீக்கிரம் கெட்டுப்போகும். எஸ்.எஸ்.டி. போடுங்கள். பெட்டியையும் வைஃபை ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ரூட்டரைத் தாங்கும். பெட்டிக்கு எந்த வோல்ட் வேண்டும் என்று பார்த்து அதற்கேற்றதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: நிறுவுதல்

க்ரீன் வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ராஸ்பெர்ரி பைக்கு, அதன் எஸ்.எஸ்.டி.யைக் கணினியில் செருகி, ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, இயங்குதளப் பட்டியலில் ஹோம் அசிஸ்டன்டைத் தேர்ந்தெடுத்து அந்த எஸ்.எஸ்.டி.யில் எழுதவிடுங்கள். எழுதி முடிந்த டிஸ்க்கைப் போட்டு, பெட்டியை லேன் கேபிளால் ரூட்டரோடு இணைத்துக் கரண்ட் கொடுங்கள். வைஃபை வேண்டாம், கேபிள்தான். சில நிமிடம் கழித்து அதே வீட்டு நெட்டில் உள்ள கணினியின் உலாவியில் ஹோம்அசிஸ்டன்ட் டாட் லோக்கல் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி போட்டு 8123 சேருங்கள். வரவேற்புப் பக்கம் வரும்.

அங்கே பயனர் பெயர், கடவுச்சொல், வீடு இருக்கும் இடம் கேட்கும். இடத்தைச் சரியாகக் கொடுங்கள். சூரிய உதயமும் அஸ்தமனமும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். இது முடிந்ததும் ரூட்டரின் செட்டிங்குக்குப் போய் இந்தப் பெட்டிக்கு ஒரே ஐ.பி. முகவரி நிலையாகக் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள். ஒரு நாள் ரூட்டர் அணைந்து எழுந்து வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால் பாதிக் கருவிகள் ஹப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்.

படி 4: இருப்பதைச் சேர்ப்பது, இல்லாததை வாங்குவது

செட்டிங்ஸில் டிவைசஸ் அண்ட் சர்வீசஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் உங்கள் நெட்டில் உள்ள டிவி, பிரின்டர், சில பல்புகள் எல்லாம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக ஒப்புதல் கொடுங்கள். தானாக வராதவற்றைப் பெயர் சொல்லித் தேடிச் சேர்க்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள இந்த இணைப்பைத்தான் இன்டக்ரேஷன் என்கிறார்கள்.

புதிதாக எதை வாங்குவதானாலும் காசு கொடுப்பதற்கு முன் ஹோம் அசிஸ்டன்ட் தளத்தில் அந்தக் கம்பெனியின் இன்டக்ரேஷன் பக்கத்தைப் பாருங்கள். லோக்கல் புஷ், லோக்கல் போலிங், கிளவுட் புஷ், கிளவுட் போலிங் என்று ஏதோ ஒரு வகை போட்டிருக்கும். லோக்கல் என்றால் பெட்டியும் கருவியும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன. கிளவுட் என்றால் உங்கள் படுக்கையறை விளக்கை அணைக்கிற உத்தரவு வெளியூர் சர்வர் வரை போய்த் திரும்பி வருகிறது. புஷ் என்றால் மாற்றம் நடந்த உடனே கருவியே தகவல் சொல்லும். போலிங் என்றால் பெட்டி அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும், கொஞ்சம் தாமதமாகும். என் தேர்வு வரிசை: லோக்கல் புஷ், அடுத்து லோக்கல் போலிங், வேறு வழியே இல்லையென்றால் மட்டும் கிளவுட்.

நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வைஃபை பிளக்குகளும் பல்புகளும், மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், பல நேரம் உள்ளே டூயா என்ற ஒரே மேடையில் ஓடுபவை. டூயாவின் அதிகாரபூர்வ இணைப்பு கிளவுட் வழிதான். ஷெல்லி ரிலேக்கள், விஸ் பல்புகள், டாப்போ பிளக்குகள் வீட்டுக்குள்ளேயே பேசும்.

மேட்டர் என்ற முத்திரையையும் பார்ப்பீர்கள். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த பொதுத் தரம் இது. மேட்டர் கருவி ஒரே நேரத்தில் ஆப்பிள், கூகுள், ஹோம் அசிஸ்டன்ட் மூன்றோடும் சேர்ந்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும். ஒரே ஒரு எச்சரிக்கை: இதை இணைக்கக் கருவியின் மேலே ஒட்டியுள்ள க்யூ.ஆர். குறியீடு தேவை. ரிலேயைச் சுவருக்குள் வைத்து மூடுவதற்கு முன் அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, எந்த அறை என்று எழுதி வையுங்கள்.

படி 5: ஜிக்பீ

பேட்டரியில் ஓடும் சின்னச் சென்சார்களுக்கு, அதாவது கதவு, அசைவு, தண்ணீர்க் கசிவு, வெப்பநிலை போன்றவற்றுக்கு, வைஃபை சரிப்படாது; பேட்டரியைக் குடித்துவிடும். அவற்றுக்கு ஜிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்பியில்லாத் தொடர்பு முறை நல்லது. பெட்டியில் ஜிக்பீ யு.எஸ்.பி. டாங்கிள் என்ற சின்ன ரேடியோ குச்சி ஒன்றை இணைத்தால் பல கம்பெனிகளின் ஜிக்பீ சாமான்களை அவரவர் ஹப் இல்லாமலே சேர்த்துவிடலாம். பிலிப்ஸ் ஹியூ பல்பைக்கூட ஹியூ பிரிட்ஜ் இல்லாமல் இணைக்க முடியும். தொடங்குகிறவர்கள் ஹோம் அசிஸ்டன்டோடு வருகிற ஜிக்பீ இன்டக்ரேஷனான இசட்.எச்.ஏ.வையே பயன்படுத்துங்கள். ஜிக்பீ டு எம்.க்யூ.டி.டி. என்ற தனி மென்பொருள் இன்னும் அதிகக் கருவிகளைத் தாங்கும், ஆனால் அமைக்க வேலை கூடுதல்.

டாங்கிளை நேரே பெட்டியில் குத்தாதீர்கள். யு.எஸ்.பி. 3 போர்ட்டும் எஸ்.எஸ்.டி.யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், ஜிக்பீ ஓடுவதும் அதே இடத்தில்தான். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். 'ஜிக்பீ சரியில்லை, அடிக்கடி அறுந்துபோகிறது' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இந்தக் கேபிளே மருந்து. ரூட்டரையும் தொட்டுக்கொண்டு வைக்காதீர்கள்.

ஜிக்பீயின் அழகு, கரண்டில் ஓடும் ஒவ்வொரு ஜிக்பீ பிளக்கும் ரிலேயும் பெரும்பாலும் ஒரு அஞ்சல் நிலையமாக வேலை செய்வது. மாடியில் உள்ள சென்சாரின் தகவல் கூடத்துப் பிளக் வழியாகப் பெட்டிக்கு வரும். பேட்டரிச் சாமான்கள் அப்படிக் கைமாற்றாது. அதனால் முதலில் கரண்டில் ஓடுபவற்றைப் பெட்டிக்கு அருகிலிருந்து தொடங்கி வரிசையாகச் சேருங்கள், பேட்டரிச் சென்சார்களைக் கடைசியில் சேருங்கள். கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் அலையை நன்றாகவே தின்னும். மாடி வீட்டில் படிக்கட்டு அருகே ஒரு பிளக் வைப்பது கைகொடுக்கும்.

இசட்-வேவ் என்ற இன்னொரு முறையும் உண்டு. அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் இசட்-வேவ் சாமான் இந்திய அலைவரிசைக் கருவிகளோடு பேசாது, இங்கே அதைப் பயன்படுத்த அனுமதியும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 6: பெயர் வைப்பது

சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் எண்ணும் எழுத்துமாக ஒரு காடு வளர்ந்து நிற்கும். கருவியைச் சேர்த்த உடனேயே அறையை ஒதுக்கி, அறை, பொருள் என்ற ஒரே வரிசையில் பெயர் வையுங்கள்: கூடம் ஃபேன், சமையலறை லைட், மாடி மோட்டார். திரையில் தெரியும் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கம்பெனிப் பெயரைச் சேர்க்காதீர்கள். நாளை பிளக் கெட்டு வேறு பிளக் போட்டாலும் கீசர் கீசர்தான்.

படி 7: முதல் ஆட்டோமேஷன்

போனில் தட்டி விளக்குப் போடுவது ரிமோட், அவ்வளவுதான். தட்டாமலே நடப்பதுதான் ஆட்டோமேஷன். அதற்கு மூன்று பகுதி: எது நடந்தால், எந்த நிபந்தனையில், என்ன செய்ய வேண்டும். திரையிலேயே தேர்ந்தெடுத்து அமைக்கலாம், குறியீடு எழுத வேண்டியதில்லை.

எளிய ஒன்றில் தொடங்குவோம். வாசல் விளக்கு. எது நடந்தால்: சூரிய அஸ்தமனத்துக்கு 15 நிமிடம் முன்பு. செய்வது: வாசல் விளக்கைப் போடு. இன்னொரு ஆட்டோமேஷனில் இரவு 11 மணிக்கு அணை. கடிகார நேரம் வைத்திருந்தால் ஆடியிலும் மார்கழியிலும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்; சூரியனை வைத்தால் அது தானே நகரும்.

அடுத்து நடைவழி இரவு விளக்கு. அசைவு தெரிந்தால், மணி இரவு 10க்கும் காலை 5க்கும் நடுவில் இருந்தால், விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் போடு, அசைவு நிற்கும்வரை காத்திரு, அப்புறம் 2 நிமிடம் கழித்து அணை. இந்த ஆட்டோமேஷனின் மோடை ரீஸ்டார்ட் என்று மாற்றுங்கள். அப்போதுதான் நடுவில் மறுபடி ஆள் நடந்தால் அந்த 2 நிமிடம் முதலிலிருந்து எண்ணப்படும். சாதாரண அசைவுச் சென்சார் நகரும் உடல் வெப்பத்தைத்தான் பார்க்கும். அசையாமல் உட்கார்ந்து படிக்கிறவரை இருட்டில் விட்டுவிடும். அப்படிப்பட்ட அறைக்கு மில்லிமீட்டர் அலைச் சென்சார் வேண்டும். அது மூச்சு விடுவதைக்கூடக் கவனிக்கும், ஆனால் ஓடுகிற சீலிங் ஃபேனையும் ஆடுகிற திரைச்சீலையையும் ஆள் என்று எண்ணிவிடும். அவை அதன் பார்வையில் படாதபடி திருப்பி வைக்க வேண்டும்.

இதோடு ஒரு சின்ன வேலை. ஸ்மார்ட் பல்புகள் பல, கரண்ட் போய் வந்ததும் தாமாக எரியத் தொடங்கும். நள்ளிரவு 2 மணிக்குக் கரண்ட் வந்தால் வீடே விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு பல்பின் அமைப்பிலும் கரண்ட் திரும்பும்போது என்ன நிலை என்ற தேர்வு இருந்தால், பழைய நிலை என்று வைத்துவிடுங்கள்.

படி 8: மோட்டாரும் கீசரும்

இங்கே நிதானம் வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் சூடேறி உருகலாம். 16 ஆம்பியர் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

தண்ணீர் மோட்டார் இன்னும் மோசம். ஓடும்போது அது இழுப்பது குறைவாக இருந்தாலும் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் மேல் எழுதியிருக்கும் 16 ஆம்பியர் கீசர் போன்ற சுமைக்கானது, மோட்டாருக்கானது அல்ல. நேரே மோட்டாரைப் போட்டால் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, அணை என்று சொன்னாலும் அணையாமல் போகலாம். ஆகவே எலக்ட்ரீஷியனை வைத்து, பெரிய சுமையைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். ரிலே கான்டாக்டரை இயக்கும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்.

ஆட்டோமேஷன் இப்படி: மாடித் தொட்டியின் அளவு குறைந்தால், கீழ்த் தொட்டியில் தண்ணீர் இருந்தால், மோட்டாரைப் போடு, நிரம்பியதும் அணை. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியே நின்றுபோனால் அணைக்கச் சொல்ல ஆளில்லை. அதனால் கடைசிக் காவலை ஹப்பிடம் விடக்கூடாது. ஷெல்லி போன்ற ரிலேக்களில் இத்தனை நிமிடத்தில் தானே அணைந்துவிடு என்ற டைமர் ரிலேக்குள்ளேயே உண்டு. தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அதில் வையுங்கள். பழைய ஃப்ளோட் சுவிட்ச் இருந்தால் கழற்ற வேண்டாம், அதுவும் இருக்கட்டும். கீசருக்கும் இதே டைமர்தான்.

ஏசிக்கும் பழைய டிவிக்கும் இன்ஃப்ராரெட் பிளாஸ்டர் ஒன்று போதும். ரிமோட் அனுப்பும் அதே சிக்னலை அனுப்பும். ஆனால் ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. மின்சாரத்தை அளக்கும் சாதனம் ஒன்று அந்த லைனில் இருந்தால் தெரிந்துவிடும். அப்படி அளக்கும் பிளக்குகள் சில சேர்ந்ததும் எனர்ஜி டேஷ்போர்டைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யூனிட் கூடக் கூட விலையும் கூடும் கணக்கு. எந்தச் சாமான் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறது என்று பில் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

படி 9: வீட்டில் உள்ளவர்கள்

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்குப் போடுங்கள், நிர்வாகி உரிமை உங்களுக்கு மட்டும். அம்மாவின் போனில் திறக்கும் டேஷ்போர்டில் ஐந்தாறு பட்டன் போதும். வரைபடமும் பேட்டரி சதவீதமும் உங்களோடு இருக்கட்டும். போன் தொடாமலே வீடு இயங்குகிறதா என்று பாருங்கள். சுவிட்ச்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், வந்திருக்கும் விருந்தாளிக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் வரக்கூடாது. ஆட்டோமேஷன் எரிச்சலூட்டுகிறது என்று யாராவது சொன்னால் வாதாடாமல் அதை நிறுத்திவிடுங்கள்.

படி 10: வெளியிலிருந்து பார்ப்பது, பூட்டு, பேக்கப்

ஊரில் இல்லாதபோது பார்க்க வேண்டுமென்றால் ரூட்டரில் 8123 போர்ட்டைத் திறந்துவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பல பிராட்பேண்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால் அது வேலையும் செய்யாது. டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என்., அதாவது போனையும் பெட்டியையும் ரகசிய வழியில் இணைக்கும் மென்பொருள் ஒன்றை, இரண்டிலும் போட்டால் போதும். மாதக் கட்டணம் கொடுக்கத் தயார் என்றால் நபு காசா என்ற கம்பெனி நடத்தும் ஹோம் அசிஸ்டன்ட் கிளவுட் இன்னும் சுலபம், அந்தப் பணம் திட்டத்தின் வளர்ச்சிக்கும் போகிறது. எதுவானாலும் உங்கள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

கேமராக்களின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016ல் மிராய் என்ற நச்சு நிரல் ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. அது உள்ளே நுழைந்த வழி, யாரும் மாற்றாத அந்தக் கடவுச்சொற்கள்தான்.

செட்டிங்ஸில் தானியங்கி பேக்கப்பைத் தினமும் நடக்கும்படி வைத்து, ஒரு பிரதி பெட்டிக்கு வெளியே, கணினியிலோ இணையச் சேமிப்பிலோ போகும்படி செய்யுங்கள். பேக்கப் பூட்டப்பட்டிருக்கும், அதைத் திறக்கும் சாவியைத் தரவிறக்கச் சொல்லும். அந்தச் சாவி பெட்டிக்குள் மட்டும் இருந்தால் பெட்டி போனால் சாவியும் போகும், ஆகவே அச்சிட்டு வையுங்கள். புதிய பதிப்பு மாதம் ஒருமுறை வரும். வந்த அன்றே ஏற்றாமல் சில நாள் பொறுத்து, வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் கருவிகளைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று படித்துவிட்டு, பேக்கப் எடுத்தபின் ஏற்றுங்கள். வெளியூர் கிளம்பும் நாளில் மட்டும் அந்தப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.